10 வருஷ வாரண்டி, ஆனால் எதற்கு?

சிங்கப்பூர் சிராங்கூன் கார்டனில் எங்களுடையது மாமனார் காலத்துத் தரைவீடு, ஓட்டுக்கூரை. போன வருஷம் ஜூலையில் சாமி அறையின் மேற்கூரைப் பலகையில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தது. கூரையை முழுக்க மாற்ற ஒருவர் 38,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தபால் பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டு: மாற்றவே வேண்டாம், புதுப்பித்துத் தருகிறோம், 10 வருஷ வாரண்டி.

வந்து பார்த்தவர் தமிழர். கீழே நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓடு நல்லாத்தான் இருக்குண்ணே, பூச்சுதான் போயிடுச்சு" என்றார். 6,800 வெள்ளி. நம்ம ஆள்தானே என்று பாதிப் பணத்தை அங்கேயே போனில் பேநவ் வழியாக அனுப்பினேன். ஏணி வைத்து ஏறாதவர் ஓடுகளைப் பற்றி எப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூன்றே நாளில் வேலை முடிந்தது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிப் பாசியை எடுத்தார்கள், காய்ந்ததும் பெயிண்ட். எதிர்வீட்டு அங்கிள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் மனைவி மட்டும், "மழை வரட்டும்" என்றாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் வந்தது. அதே வட்டம், இப்போது சொட்டுச் சொட்டாக. சாமி படங்களைக் கூடத்துக்கு மாற்றி, அந்த இடத்தில் முறுக்கு சுட்ட சட்டியை வைத்தோம். போன் செய்தால், "வாரண்டி பெயிண்ட் உரிந்தால்தாண்ணே, ஒழுகலுக்கு இல்லை" என்றார். தாளை எடுத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

பிறகு கோயிலில் தெரிந்தவர் சொல்லி ஒரு வயதான கூரை வேலைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் மேலே ஏறி, போனில் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வந்தார். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் இருந்த தகரம் துருப்பிடித்து ஓட்டை. அந்தத் துருவின் மேலேயே பெயிண்ட். முகட்டு ஓடுகளுக்கு அடியில் சிமெண்ட் கலவை பிளந்து கையோடு வந்தது. ஏழு ஓடுகளில் புது விரிசல், மிதித்து உடைத்தது. தண்ணீர் பெரும்பாலும் ஓட்டின் நடுவில் நுழையாதாம், சேருமிடத்தில்தான் நுழையுமாம். அப்புறம் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை வழியாக ஓடி, வேறெங்கோ சொட்டுமாம். எங்கள் வீட்டில் தண்ணீர் நுழைந்த இடம் சாமி அறைக்கு மேலேகூட இல்லை, மாடிப்படிக்கு மேலே இருந்தது. தகரம், கலவை, ஓடு எல்லாம் மாற்ற 2,400 வெள்ளி. அதன் பிறகு டிசம்பர் மழையிலும் ஒரு சொட்டு இல்லை.

அதனால் புதுப்பிப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். மரமும் ரீப்பரும் உறுதியாக இருந்தால் 38,000 எதற்கு? ஆனால் எத்தனை ஓடு மாற்றுவார்கள், முகட்டுக் கலவையைப் புதிதாகப் போடுவார்களா, பள்ளத்துத் தகரம் கணக்கில் உண்டா என்று எழுதி வாங்குங்கள். நம்மால் மேலே ஏறிப் பார்க்க முடியாது, ஆகவே முன்னும் பின்னும் படம் கேளுங்கள். வாரண்டியில் ‘ஒழுகல்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். 1991-க்கு முன் கட்டிய வீட்டில் நெளி சீட் இருந்தால், ஆஸ்பெஸ்டாஸா என்று சோதிக்காமல் அதன்மேல் யாரையும் தண்ணீர் பீய்ச்ச விடாதீர்கள்.

பயனீட்டாளர் சங்கம் வழியாகப் பேசிப் பார்த்தோம், பதில் இல்லை. இப்போது ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலில், அதாவது சிறு தொகை வழக்குகளுக்கான மன்றத்தில், போட்டிருக்கிறோம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கிடையாது. அந்தப் பெரியவர் எடுத்த படங்கள்தான் கையில் இருக்கும் சாட்சி.

பெயிண்ட் மட்டும் இன்னும் உரியவில்லை.