5.3 எஞ்சின் ஏறிய 1953 செவர்லே 3800 பேனல் வேன்: மூன்றாவது சென்டர் பேரிங்குக்குப் பிறகு

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங், மூன்றாவதும் போய்விட்டது. பேரிங் என்று சொல்வது பழக்கம்தான். உள்ளே இருக்கும் பேரிங் இன்னும் நன்றாகவே சுற்றுகிறது. அதைத் தாங்கும் ரப்பர் வளையம்தான் கிழிந்து தொங்குகிறது. கழற்றிக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தால் ஒரு பக்கம் புதிது போல மெத்தென்று இருக்கிறது. மறுபக்கம் பளபளவென்று இறுகி, நகத்தால் கீறினால் கறுப்புத் தூளாக உதிர்கிறது. இறுகிய பக்கம் சைலென்ஸர் குழாய் போகும் பக்கம். கிழிசல் தொடங்கியதும் அங்கேதான்.

இதே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் பகிர்வு. வண்டியைப் பற்றித் தெரிந்திருக்கும்: 1 டன் பேனல், 137 அங்குல வீல்பேஸ், கம்பெனியில் வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர், நான்கு கியர் எஸ்எம்420, பின் ஆக்ஸில் விகிதம் 5.14 (சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 5.14 முறை சுற்றும்). இப்போது உள்ளே இருப்பது இரும்பு பிளாக் 5.3 லிட்டர் வி8 எல்எம்7, அதோடு 4எல்60ஈ ஆட்டோமேட்டிக். ஆக்ஸிலை மாற்றவில்லை.

ஆக்ஸிலை மாற்றாததைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். 5.14-ஐ வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது, 3.73 போடு என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 30 அங்குல டயரில் 100 கி.மீ. வேகத்துக்குச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 696 முறை சுற்றும். 5.14-ஆல் பெருக்கினால் 3,580. பழைய எஸ்எம்420-இல் டாப் கியர் நேரடி 1.00 என்பதால் எஞ்சினும் அதே 3,580-இல் அலற வேண்டும். 216-இன் உச்ச சக்தியே 3,400-க்குள் முடிந்துவிடும். பேபிட் என்ற மென் உலோகம் வார்த்த பேரிங்கும் அள்ளித் தெளிக்கும் எண்ணெய் முறையும் உள்ள அந்த எஞ்சினை அங்கே பிடித்து வைப்பது பாவம். 4எல்60ஈ-இன் நான்காவது கியர் 0.70. எஞ்சின் 2,500-இல் நிம்மதியாக ஓடும். முதல் கியர் 3.06 என்பதால், ஆக்ஸிலோடு சேர்த்தால் 15.7. முழுச் சுமையோடு மேட்டில் நின்று கிளம்பும்போது வண்டி திணறுவதே இல்லை. இந்த இரண்டு குணமும் ஒரே வண்டியில் கிடைப்பது, ஓட்டி முடித்த பிறகும் மனசில் நிற்கும் சந்தோஷம்.

எரிச்சலும் அதே 5.14-இலிருந்துதான் வருகிறது. ஓவர்டிரைவ், அதாவது அந்த 0.70 கியர், எஞ்சினுக்குத்தான் ஓய்வு கொடுக்கிறது, ஷாஃப்ட்டுக்குக் கொடுப்பதில்லை. கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே இருக்கும் எல்லாமே அந்த 3,580-இல்தான் சுற்றுகின்றன. பழைய எஞ்சின் இருந்தவரை 70, 75-க்கு மேல் யாரும் போகவில்லை. ஷாஃப்ட்டும் 2,700-ஐத் தாண்டியதில்லை. புது எஞ்சின் ஏறியதும் ஓட்டுபவர் இயல்பாக 95, 100-இல் போகிறார். எஞ்சின் அமைதியாக இருப்பதால் கீழே ஷாஃப்ட் என்ன பாடு படுகிறது என்று காதுக்குத் தெரிவதில்லை. பிறகு ஒரு நாள் 85-க்கும் 95-க்கும் நடுவே ஒரு ரீங்காரம் தொடங்கும். பின்னால் இருப்பது தகரப் பெட்டி. மேளத்தின் வயிறு மாதிரி அதை வாங்கிப் பெரிதாக்கிக் காதில் போடும்.

ஒரே துண்டாக ஷாஃப்ட் போட்டால் சென்டர் பேரிங்கே வேண்டாமே என்று தோன்றும். கியர்பாக்ஸ் வாலிலிருந்து பினியன் (பின் ஆக்ஸிலில் ஷாஃப்ட் சேரும் பல்சக்கரம்) வரை சுமார் 1.8 மீட்டர். 3 அங்குல இரும்புக் குழாய் அந்த நீளத்தில் சுமார் 3,900 ஆர்பிஎம்மில் கயிறு போல வளைந்து சுழலத் தொடங்கும். அந்த எல்லையில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது பொது விதி. இங்கே 100 கி.மீ.யிலேயே 92 சதவீதம் வந்துவிடுகிறது. ஆகவே இரண்டு துண்டு: முன்னது 0.7 மீட்டர், பின்னது 1.1 மீட்டர், நடுவில் பேரிங்.

ரீங்காரம் எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளந்துவிடலாம். போனில் அதிர்வை ஹெர்ட்ஸில் காட்டும் செயலி ஒன்று போதும். 88 கி.மீ.யில் சக்கரம் 10 ஹெர்ட்ஸ், எஞ்சின் 37, ஷாஃப்ட் 52. யு-ஜாயின்ட் (ஷாஃப்ட்டைக் கோணத்தில் இணைக்கும் மூட்டு) கோணம் கெட்டிருந்தால் ஷாஃப்ட்டின் இரு மடங்கு, அதாவது 105. திரையில் 52-இல் மேடு எழுந்தால் பேலன்ஸ் அல்லது கோணலான குழாய். 105-இல் எழுந்தால் கோணம். செயலி இல்லாதவர்கள் அதே வேகத்தில் நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மாறியும் ரீங்காரம் மாறாவிட்டால் குற்றவாளி கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்-அப்பும் இதேபோல முனகும். பிரேக் பெடலை லேசாகத் தொட்டால் லாக்-அப் விடுபடும், முனகல் நின்றால் அதுதான். பிரேக் சுவிட்ச் ஒயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருந்தால்தான் இது நடக்கும்; நிறைய மாற்றங்களில் அந்த ஒயரை விட்டுவிடுகிறார்கள்.

இந்த வண்டியில் முதல் முறை 105, இரண்டாவது முறை இரண்டும்.

கோணத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், தவறு நடப்பது அங்கேதான். மூன்று கிராஸ், அதாவது யு-ஜாயின்ட், இருக்கின்றன. நடுவில் இருப்பதும் பினியனில் இருப்பதும் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று அடக்க வேண்டும். அதற்கு முன் ஷாஃப்ட்டும் பினியனும் இணையாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் வாலில் இருக்கும் முதல் கிராஸை அடக்க ஆளில்லை. அதனால் அங்கே கோணம் அரை டிகிரியிலிருந்து ஒன்றரைக்குள் நிற்க வேண்டும். பூஜ்யமும் கூடாது; ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தைக் குத்திக் குழியாக்கிவிடும். கடைசியில் இந்த வண்டியில் நின்ற அளவுகள்: கியர்பாக்ஸ் வால் கீழ்நோக்கி 3 டிகிரி, முன் ஷாஃப்ட் 3.5, பின் ஷாஃப்ட் 6, பினியன் மூக்கு மேல்நோக்கி 3.5. நடுவிலும் பின்னாலும் தலா 2.5. அளக்கும்போது வண்டியின் எடை சக்கரத்தில் இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி ஆக்ஸில் தொங்கும் நிலையில் அளந்த எண் எதற்கும் உதவாது.

சென்டர் பேரிங் பிராக்கெட்டின் கீழ் 6 மி.மீ. தகடு ஒன்று வைத்து இறக்கினால் முன் ஷாஃப்ட் அரை டிகிரி சாயும், பின் ஷாஃப்ட் 0.3 டிகிரி நிமிரும். நடுக் கிராஸில் மட்டும் 0.8 டிகிரி மாற்றம். ஆகவே தகடு வைத்த பிறகு மூன்று இடத்தையும் மறுபடி அளக்காமல் விடாதீர்கள். பினியனைத் திருப்புவது ஆப்பு வடிவத் தகட்டால். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ஆக்ஸிலின் மேல் உட்காரும் அமைப்பில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் போனால் மூக்கு மேலே எழும். ஆப்பு இரும்பில் இருக்கட்டும். அலுமினியம் சுமையில் நசுங்கி யு-போல்ட் தளர்ந்துவிடும். யு-போல்ட்டும் புதிதாகப் போடுங்கள், ஒருமுறை இழுத்து முறுக்கியதை மறுபடி நம்ப வேண்டாம்.

அடுத்தது பின் ஷாஃப்ட்டின் ஸ்பிளைன், அதாவது நீளம் கூடிக் குறைய விடும் பல் இணைப்பு. இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் யோக்குகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். புதிதாகச் செய்து வாங்கும் ஷாஃப்ட்களில் பல சமயம் வழிகாட்டும் குருட்டுப் பல் இருக்காது. எந்தப் பல்லில் வேண்டுமானாலும் நுழையும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் எல்லாக் கோணமும் சரியாக இருந்தும் வண்டி நடுங்கும். பிரிக்கும் முன் இரு பக்கமும் வெள்ளைப் பெயின்ட்டில் கோடு போடுங்கள். மொத்த ஷாஃப்ட்டையும் ஒன்றாக மாட்டிப் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். எந்த ஆர்பிஎம்மில் செய்கிறார்கள் என்று கேளுங்கள். குறைந்த வேகத்தில் சரி என்று வந்த ஷாஃப்ட் 3,500-இல் வேறு முகம் காட்டும். குழாயின் நடுவில் டயல் கேஜ் அரை மி.மீ.க்கு மேல் காட்டினால் பேலன்ஸ் எடை ஒட்டிப் பயனில்லை, குழாயையே மாற்ற வேண்டும். துருவுக்கு என்று ஷாஃப்ட்டின் மேல் கோட்டிங் அடிக்க விடாதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகு மிச்சம் இருப்பது ஒன்று: வண்டி காலியாக இருந்தால் ரீங்காரம் மெல்ல இருக்கிறது, சுமை ஏறினால் சுத்தமாகப் போய்விடுகிறது. காரணம் தெளிவு. 1 டன் பட்டைகள் காலி வண்டியைத் தூக்கியே நிறுத்துகின்றன. பின்பக்கம் 50 மி.மீ. இறங்கினால் பின் ஷாஃப்ட் சுமார் 2.6 டிகிரி நிமிர்கிறது, கிராஸ்களின் கோணம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. கிராஸ்கள் ஒன்றையொன்று அடக்கினாலும் நடுவில் உள்ள ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறைந்துகொண்டேதான் இருக்கும். கோணம் பெரிதானால் அந்தத் துடிப்பும் பெரிது. பெட்டி நிறையச் சரக்கோடு 90-இல் போகும்போது இந்த வண்டி போல் சாதுவான பழைய வண்டி கிடையாது. சரக்கு ஏற்றவே பிறந்த வண்டி என்பது அப்போதுதான் புரிகிறது. வெறும் வண்டியாக ஓட்டப்போகிறவர்கள் பட்டையில் ஒன்றிரண்டைக் கழற்றிவிட்டு, அதன் பிறகு கோணம் வையுங்கள்.

ரப்பர் கிழிவதற்கு இரண்டு காரணம். ஒன்று வெப்பம்: சைலென்ஸர் குழாய் 25 மி.மீ. தள்ளிப் போனது, இப்போது 75 தள்ளி, நடுவே தகட்டு மறைப்பு. மற்றது பிராக்கெட். அதைச் சேஸிஸுக்குச் செங்குத்தாக வைத்து வெல்டிங் செய்துவிட்டார்கள். ஷாஃப்ட் சாய்ந்து வருவதால் அது ஷாஃப்ட்டுக்குத்தான் செங்குத்தாக இருக்க வேண்டும். மூன்றரை டிகிரிதானே என்று நினைக்கலாம். ரப்பர் எந்நேரமும் ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

மற்றவை சுருக்கமாக. எல்எம்7-ஓடு வந்த 4எல்60ஈ என்றால் ஃப்ளெக்ஸ்பிளேட் (எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடு) அப்படியே பொருந்தும். பழைய டிஎச்350, 700ஆர்4 ஆட்டோமேட்டிக்குகளை மாட்டினால் 0.4 அங்குல ஸ்பேசர் தேவை. கன்வெர்ட்டரை முழுக்க உள்ளே தள்ளி, ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போல்ட். இடைவெளி இல்லாமல் முறுக்கி இழுத்தால் பம்ப் உடைந்துவிடும். இடது பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டியரிங் பாக்ஸில் முட்டும். ஒட்டி இறங்கும் மேனிஃபோல்ட் தேடுங்கள். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வரும் சிறு ஆவிக் குழாயை அடைக்காமல் ரேடியேட்டர் மேல்பக்கம் கொடுங்கள். எரிபொருள் அழுத்தம் 58 பிஎஸ்ஐ, பம்ப் டாங்க்குக்குள். 6 வோல்ட்டிலிருந்து 12-க்குப் போகும்போது பழைய அம்மீட்டர் வழியாக ஆல்டர்னேட்டர் கரண்ட்டை விடாதீர்கள், எரிந்துபோகும். பிரேக் மாஸ்டர் தரைக்குக் கீழேயே இருந்தால் டிஸ்க் பக்கம் 2, டிரம் பக்கம் 10 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் எண்ணெய் திரும்பி வடிந்து முதல் மிதி வெறுமனே உள்ளே போகும்.

கம்ப்யூட்டர் ட்யூனில் ஒரு விஷயம் பலரும் சொல்வதில்லை. 3.73 என்று இருப்பதை 5.14 என்று திருத்தாவிட்டால் 60-இல் போகும் வண்டி 83 என்று காட்டும். திருத்தியதும் ஸ்பீடோமீட்டர் சரியாகிவிடும், ஆனால் கியர் மாறும் அட்டவணை கி.மீ. கணக்கில் இருப்பதால் ஒவ்வொரு கியரையும் எஞ்சின் கதறும் வரை பிடித்துக்கொள்ளும். அட்டவணை முழுவதையும் 0.73-ஆல் பெருக்க வேண்டும். இதைச் செய்த நாளிலிருந்து கியர் மாறுவது தெரியவே இல்லை.

இத்தனை நல்லது இருந்தும், இன்று கேட்டால் பதில்: வேண்டாம். 80-க்கு மேல் போகும் தேவை இல்லாதவர்கள் 1954-க்குப் பிறகு வந்த, முழு அழுத்த எண்ணெய் முறை உள்ள 235 ஆறு சிலிண்டரை எஸ்எம்420-ஓடு போட்டு ஓட்டட்டும். சேஸிஸின் எந்தக் குறுக்குச் சட்டத்தையும் (கிராஸ்மெம்பர்) வெட்ட வேண்டாம். 5.3-தான் வேண்டும் என்பவர்கள் இரண்டு துண்டு ஷாஃப்ட்டில் இறங்கும் முன் ஒரே துண்டு 4 அங்குலக் குழாய்க்கு இடம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். அதே 1.8 மீட்டரில் அதன் எல்லை சுமார் 5,200, 100 கி.மீ.யில் 70 சதவீதத்தைத் தொடாது. இந்த வண்டியில் நடு கிராஸ்மெம்பர் 15 மி.மீ. இடிக்கிறது. நான்காவது பேரிங் மாட்டியாயிற்று; அது கிழியும்போது வெட்டப்போவது அந்த 15 மி.மீ.யைத்தான்.