அப்பா அம்மாவுக்குத் தனியார் பாலிசியா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையா?

2024 ஜூன் மாதம் அப்பாவின் போனுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. மருத்துவ பாலிசியைப் புதுப்பிக்க 49,000 ரூபாயும் சில்லறையும் கட்ட வேண்டுமாம். அப்பாவுக்கு அப்போது வயது 70, அம்மாவுக்கு 65. ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு பி.எஃப். பென்ஷன் மாதம் 2,140 ரூபாய். கணக்கு உதைத்தது. பாலிசியை விட்டுவிட்டோம். இப்போது கையில் இருப்பது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கும்தான்.

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பாலிசியில் உள்ள நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தனி அறை, சீக்கிரம் அட்மிஷன், வருமான வரம்பு கிடையாது. அட்டையின் நல்லது, பிரீமியமே இல்லை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அரசு ஆஸ்பத்திரியிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் பெயர் மாறி வந்த திட்டம். எங்கள் தண்டையார்பேட்டையில் இன்னும் பாதிப் பேர் ‘கலைஞர் கார்டு’ என்றுதான் சொல்கிறார்கள்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: வருடா வருடம் கட்ட வேண்டிய பணம். பாலிசி வாங்குவது பெரிய காரியமில்லை. வயது ஏற ஏற அதைக் கட்டிக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. 2018இல் 26,000 ரூபாயில் ஆரம்பித்தோம். ஆறு தவணையில் மொத்தம் ஏறத்தாழ 1,96,000 கட்டினோம். 2020இல் அம்மாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததற்கு 86,000 ரூபாய் பில். சர்க்கரை முன்பே இருந்த நோய், இத்தனை வருடம் கழித்துத்தான் அதற்குப் பணம் தருவோம் என்ற காத்திருப்புக் காலம் முடியவில்லை என்று கிளைமைத் தள்ளிவிட்டார்கள். படிவத்தில் அது எழுதித்தான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. 2022இல் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், 94,000. அதில் 30 சதவீதம் கோ-பே (பில்லில் நாமே கட்ட வேண்டிய பங்கு), அறை வாடகை வரம்பு, கையுறைக்கும் பஞ்சுக்கும் தனிக் கழிவு எல்லாம் போக பாலிசி கொடுத்தது 53,000. ஆறு வருடத்தில் வந்தது அவ்வளவுதான்.

அந்த எஸ்.எம்.எஸ். வந்த அன்று ராத்திரி அப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 8.2 சதவீத வட்டி. 6 லட்சம் போட்டால் வருடத்துக்கு 49,200. “ஏம்பா, ஆறு லட்சத்தோட வட்டிய அப்படியே தூக்கி அவங்க கையில குடுக்கணுமா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பணிக்கொடையாக வந்த பணத்தில் மிச்சமிருந்த 6 லட்சத்தை அந்தத் திட்டத்திலேயே போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 12,300 ரூபாய் வருகிறது. ஆஸ்பத்திரிச் செலவு இல்லாத வருடத்தில் அந்த வட்டி வீட்டிலேயே தங்குகிறது. ஐந்து வருடத்துக்குள் அவசரமென்றால் எடுக்கலாம். ஒரு வருடம் தாண்டி எடுத்தால் அசலில் 1.5 சதவீதமும், இரண்டு வருடம் தாண்டினால் 1 சதவீதமும் பிடிப்பார்கள். ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்தால் வட்டியே கிடையாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, முகவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். பென்ஷன் வருடத்துக்கு 25,680, வட்டி 49,200, ஆக 74,880. வரம்புக்குள் இருக்கிறோம். இதே 12 லட்சம் போட்டிருந்தால் வட்டி மட்டும் 98,400. பென்ஷனோடு சேர்த்தால் 1,20,000ஐத் தாண்டிவிடும், அட்டைக்குத் தகுதி போய்விடும். இன்னொன்று ரேஷன் கார்டு. அப்பா அம்மாவுக்குத் தனிக் கார்டு இருந்ததால் பிழைத்தோம். பிள்ளையின் கார்டில் பெயர் இருந்தால் பிள்ளையின் சம்பளமும் கணக்கில் வரும். வருமானச் சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலையில் உள்ள கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம். பதிவு செய்து கொடுத்தார்கள். அம்மா பெயர் அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபார்த்தோம்.

அட்டையின் சோதனை 2025 பிப்ரவரியில் வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்ததும் “பெட் இல்ல சார்” என்றார்கள். பணம் கட்டிச் சேர்ந்தால் 2,40,000 ஆகும் என்றபோது மட்டும் பெட் இருந்தது. அங்கிருந்து ஆட்டோவில் அரசு ஆஸ்பத்திரிக்கு. சர்க்கரை இறங்க ஐந்து நாள் காத்திருந்து ஆறாம் நாள் கம்பி வைத்தார்கள். கம்பிக்கும் ஆபரேஷனுக்கும் நாங்கள் பைசா கொடுக்கவில்லை.

ஆனால் இலவசம் என்று சொல்லிவிட முடியாது. பன்னிரண்டு நாளும் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பகலில் அக்கா, ராத்திரி நான். வார்டுக்கு வெளியே பாய் விரித்து, செருப்பைத் தலைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். ஆட்டோ, டிபன், டயப்பர், வாக்கர், ஸ்ட்ரெச்சர் தள்ளியவருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 14,000 ஆனது. அக்காவுக்குப் பத்து நாள் சம்பளம் போனது தனி. கூட இருந்து பார்க்க ஆளில்லாத வீட்டுக்கு இந்த வழி சரிவராது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள் பாலிசியைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

மாத மருந்துக்கு இரண்டுமே பெரிய உதவி இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு ஆட்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரம். முதியோருக்கென்றே 200 படுக்கையோடு கிண்டியில் 2024இல் திறந்த மருத்துவமனை நல்ல விஷயம்தான். இடுப்பு ஒடிந்தவரை அவ்வளவு தூரம் கொண்டுபோவதுதான் கஷ்டம்.

70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் தரும் மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. அப்பாவுக்கு எடுத்து வைத்திருக்கிறோம். அதைக் காட்டி இதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்ந்ததில்லை. அதை நம்பிப் போகுமுன் அங்கே ஏற்கிறார்களா என்று ஒரு போன் செய்துவிடுங்கள்.

பாலிசி பக்கமும் நிலைமை மாறியிருக்கிறது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தன்னைக் கேட்காமல் ஏற்றக்கூடாது என்று 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. செப்டம்பரில் தனிநபர் மருத்துவ பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போனது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பும் அதிகபட்சம் மூன்று வருடம் என்று 2024லேயே குறைந்துவிட்டது. எல்லாம் நாங்கள் விடுகிற நேரத்திலும் விட்ட பிறகும் வந்தவை. ஐந்து வருடம் விடாமல் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, பழைய நோயை மறைத்தீர்கள் என்று சொல்லிக் கிளைமைத் தள்ள முடியாது. எங்களுடையது அந்த ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அப்பாவுக்கு அந்த உறுத்தல் இல்லை. வட்டி விழும் தேதி வந்தால் காலை பத்து மணிக்கே பாஸ்புக்கோடு போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நிற்கிறார்.