டிஷ் மாட்டும் முன் உங்கள் ஊர் சேனல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்

சங்கரன்கோவிலில் அம்மா தனியாக இருக்கிறார். 76 வயது. முழங்கால் வலியால் வாசல்படி இறங்குவதே பெரும்பாடு. போன வைகாசியில் ஊருக்குப் போனபோது கேபிளை எடுத்துவிட்டு டிடிஎச் மாட்டிக் கொடுத்தேன். வயர் அறுந்தது, ஆள் வரவில்லை என்ற தொல்லை இருக்காது, படமும் தெளிவாகத் தெரியும் என்று நம்பித்தான் செய்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை விரித்து விற்றுக்கொண்டிருந்த டீலரின் ஆளிடம் நான் முதலில் கேட்ட கேள்வியே இதுதான்: "நம்மூர் லோக்கல் சேனல் வருமா?" அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "வரும் அண்ணாச்சி, லோக்கல் பேக் போட்டுத் தாரேன், எல்லாம் வரும்." டிஷ், பாக்ஸ், மாட்டுக்கூலி 1,450 ரூபாய். மூன்று மாத ரீசார்ஜ் 900. மொத்தம் 2,350 ரூபாயைக் கையில் கொடுத்தேன். ரசீதில் தொகை மட்டும் இருந்தது, நான் கேட்டதும் அவர் சொன்னதும் இல்லை. மாட்ட வந்த பையன் பெரிய சேனல்களை வரிசையாகத் தள்ளிக் காட்டிவிட்டு, "லோக்கல் சேனல் சாயங்காலத்துக்குள்ள ஆக்டிவேட் ஆயிரும்" என்றான். அன்று இரவே நான் கோவைக்கு பஸ் ஏறிவிட்டேன். கேபிள்காரரும் தன் பாக்ஸைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அம்மாவிடமிருந்து போன். "எய்யா, நம்மூரு சேனலக் காணலியே."

கால் சென்டரில் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் 'லோக்கல் பேக்' என்று விற்பது தமிழ் சேனல்களை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு. டெல்லியிலும் மும்பையிலும் இருந்து பார்த்தால் தமிழ் என்பதே அவர்களுக்கு லோக்கல். நான் கேட்டது கோயில் திருவிழாவும் தண்ணீர் திறக்கும் அறிவிப்பும் ஓடுகிற எங்கள் ஊர் சேனல். அந்த டீலரின் ஆள் எங்கள் ஊர்க்காரர். நான் எதைக் கேட்டேன் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை.

அந்தச் சேனல் டிடிஎச்சில் ஏன் இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கேபிளில் அது கேபிள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமில் ஏறி, வயர் வழியாக அந்த வட்டாரத்து வீடுகளுக்கு மட்டும் வருகிறது. டிடிஎச் சிக்னல் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து நாடு முழுவதற்கும் ஒன்றாகப் பொழிகிறது. ஒரு ஊர் சேனலை ஏற்றினால் காஷ்மீர் வரைக்கும் அதற்கு இடம் ஒதுக்கியாக வேண்டும். செயற்கைக்கோளில் இடம் என்பது பெரும் செலவு, எந்த நிறுவனமும் ஒரு ஊருக்காக அதைச் செய்யாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. இப்படிப்பட்ட சேனல்களை அரசு 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்று வகைப்படுத்துகிறது. 2022 நவம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் போட்ட விதிப்படி, ஒரு நிறுவனம் நடத்தும் பிளாட்ஃபார்ம் சர்வீஸை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிரக்கூடாது. கோயில் போன்ற வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே 'இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்' என்று யாராவது சொன்னால் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நான் காத்திருந்தேன். ஆனியில் எதிர்த்தெரு மதினி இறந்துபோனார். அம்மாவும் அவரும் நாற்பது வருஷப் பழக்கம். மரண அறிவிப்பு லோக்கல் சேனலில் போட்டோவோடு ஓடியிருக்கிறது. எல்லோரும் டிவியில் பார்த்திருப்பார்கள் என்று யாரும் அம்மாவுக்குத் தனியாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பால்காரர் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. "ஆட்டோ பிடிச்சாவது போயி ஒருவாட்டி மொகத்தப் பாத்திருப்பேனே" என்று போனில் அழுதார். அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

அப்புறம் ஆடித்தபசு வந்தது. சாயங்காலம் கோமதி அம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுப்பதையும், தெருவில் ஜனம் பருத்தியும் வத்தலும் அள்ளி வீசுவதையும், ராத்திரி சங்கரலிங்கர் வருவதையும் கால் முடியாமல் போன பிறகு வருஷாவருஷம் அம்மா டிவியில்தான் பார்த்தார். எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் விளக்கேற்றி வைத்து உட்காருவார். இந்த முறை பக்கத்து வீட்டுப் பெண் தன் செல்போனில் யூடியூபைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அந்தச் சின்னத் திரையில் அம்மாவின் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை.

டிடிஎச்சே மோசம் என்று நான் சொல்லவில்லை. கேபிள் வயர் போகாத தோட்டத்து வீட்டுக்கும் மலையோர ஊருக்கும் அதுதான் வழி. ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஊர் சேனல் பார்க்கிறவர்கள் என்றால், டிஷ் விற்கும் ஆளிடம் சேனலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 'லோக்கல்' என்ற சொல்லையே வாயில் எடுக்காதீர்கள். உங்கள் டிவியில் அதை ஓட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள். 'சாயங்காலம் வரும்' என்றால் பணத்தையும் சாயங்காலம் தருவதாகச் சொல்லுங்கள். ரசீதின் பின்பக்கமாவது அந்தச் சேனல் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய கேபிள் பாக்ஸை ஒரு மாதமாவது கையில் வைத்திருங்கள், ஒரு மாதச் சந்தா கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பாக்ஸைப் பிரித்தாகிவிட்டது என்று டீலர் கைவிரித்தார். டீலர் வாய்மொழியாகச் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கால் சென்டரில் சொன்னார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். எழுத்தில் எதுவும் இல்லாததால் முழுத் தொகை கிடைக்கவில்லை. ஐந்து வாரம் கழித்து டீலர் 600 ரூபாய் மட்டும் கொடுத்தார். ஆவணியில் கேபிள்காரர் புது வயர் இழுத்துப் பாக்ஸ் வைத்தார், அதற்கு 700 ஆனது. டிஷ் இன்னும் மொட்டை மாடியில்தான் நிற்கிறது.