மசினகுடியில் ‘இரவு சஃபாரி’ என்று அழைத்தால் பணம் கொடுக்காதீர்கள்

முதுமலை புலிகள் காப்பகத்தில் இரவு சஃபாரி என்று ஒன்று கிடையவே கிடையாது. வனத்துறை நடத்தும் சஃபாரி காலையிலும் மாலையிலும் மட்டும்தான். தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் அதற்கு டிக்கெட் தருகிறார்கள். அந்த டிக்கெட் இல்லாமல் எந்த ஜீப்பும் காட்டுப் பாதைக்குள் நுழைய முடியாது. இது தெரிந்தும் இரவு சஃபாரிக்கென்று எங்களிடம் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டது மசினகுடியில் நாங்கள் தங்கிய விடுதி.

அறை பதிவு செய்யும்போதே, “அனுமதியெல்லாம் எங்கள் பொறுப்பு சார், காட்டுக்குள்ளேயே கூட்டிப்போகிறோம்” என்று உறுதி சொன்னார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஜீப் கிளம்பியது. போனது மாயாறு ரோட்டில்! பகலில் அரசு பஸ் ஓடுகிற தார் ரோடு அது. காட்டுக்குள் ஓர் அடிகூட வண்டி திரும்பவில்லை.

பணம் போனதைவிட அங்கே கண்டதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது. பின்சீட்டில் இருந்த பையன் பேட்டரியில் இணைத்த பெரிய விளக்கை, ரோட்டோரம் கன்றுடன் நின்ற காட்டெருமையின் முகத்தில் அடித்தான். தாய் அசையாமல் விறைத்து நின்றது. கன்று மிரண்டு ஓடப் பார்த்து, கால் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்து, தடுமாறி எழுந்தது. “விளக்கை அணைப்பா, பாவம்” என்று என் மாமியார் கெஞ்சினார். “அணைத்தால் ஓடிவிடும் அம்மா, போட்டோ எடுங்கள்” என்றார் டிரைவர்.

பந்திப்பூர் வழியாக மைசூர் செல்லும் நெடுஞ்சாலையில், விலங்குகளுக்காகவே 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்தை நிறுத்தி வைக்கிறார்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர்ப் பகுதியோ யானைகளின் வழித்தடம். அங்குள்ள விடுதிகளை அகற்றும் உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. அடுத்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், இதே மசினகுடியில் எரியும் டயரை வீசியதில் ஒரு யானை செத்துப்போனதை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில், சரணாலய விலங்கைச் சீண்டுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தே இதைத் தொழிலாக நடத்துகிறார்கள். மசினகுடியில் நேர்மையாகப் பிழைக்கும் ஜீப்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரும் இதனால்தான் கெடுகிறது.

திரும்பி வந்து பணத்தைக் கேட்டபோது, “மிருகம் பார்த்தீர்கள் அல்லவா?” என்றார் மேலாளர். கொடுத்த ரசீதில் சஃபாரி என்ற சொல்லே இல்லை. ‘உள்ளூர் வாகன வாடகை’ என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் போவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் ரசீதில் என்ன எழுதுகிறார்கள், வனத்துறை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் கூப்பிட்டால் மறுத்துவிட்டு, வண்டி எண்ணைக் குறித்து வனத்துறையிடம் சொல்லுங்கள். நாங்கள் மறுநாள் காலை தெப்பக்காட்டில் எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினோம். பணம் இன்னும் வரவில்லை.