லோஸ் லோபோஸ்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

'லா பாம்பா' பாட்டைக் கேட்டுவிட்டு, அமெரிக்க ராக் குழுவான லோஸ் லோபோஸின் வேறொரு ஆல்பத்தை எடுப்பவர்கள் பெரும்பாலும் குழம்பித்தான் போவார்கள். ஒன்றில் மெக்சிகோக் கல்யாண வீட்டு அக்கார்டியன். இன்னொன்றில் மின்சாரமே படாத நாட்டுப்புறப் பாட்டு. மூன்றாவதில் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்க்க வைக்கும் டிரம்ஸ். இத்தனைக்கும் ஆட்கள் மாறவில்லை. டேவிட் இடால்கோ, லூயி பெரெஸ், சேசர் ரோசாஸ், கான்ராட் லொசானோ நால்வரும் 1973இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் கூட்டுச் சேர்ந்தவர்கள். சாக்ஸபோன் வாசிக்கும் ஸ்டீவ் பெர்லின் 1984இல் வந்து ஒட்டிக்கொண்டார். மாறியதெல்லாம் கையில் இருக்கும் வாத்தியமும் பதிவு மேசையில் உட்கார்ந்த ஆளும்தான். இந்த இரண்டையும் பார்த்து வாங்கினால் காசு வீண்போகாது.

தொடக்கமே தலைகீழ். ராக் கிட்டார் வாசித்துத் திரிந்த பையன்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு, அப்பா அம்மா கேட்ட மெக்சிகோப் பாட்டுகளை இசைத்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கற்றார்கள். 1970கள் முழுக்கக் கல்யாணம், விருந்து என்றே போனது. 1978இல் சொந்தமாக ஒரு ஸ்பானியத் தட்டும் வெளியிட்டார்கள். அந்த மெக்சிகோ மரவாத்தியங்களோடே 1980இல் பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்வாசிப்பாக ஏறியபோது, பங்க் என்ற முரட்டு ராக்கைக் கேட்க வந்த கூட்டம் எச்சில் துப்பியும் கையில் கிடைத்ததை எறிந்தும் இறக்கிவிட்டது. பிறகு மறுபடி மின்கிட்டாரை எடுத்த இவர்களை அதே ஊர் பிளாஸ்டர்ஸ் குழு அழைத்துப் போய் மேடை கொடுத்தது. அந்தக் குழுவில் வாசித்தவர்தான் பெர்லின். 1983இல் ஸ்லாஷ் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஏழு பாட்டுள்ள சிறு தட்டை வெளியிட, அதிலிருந்த 'அன்செல்மா'வுக்குக் கிராமி கிடைத்தது.

1984இல் வந்த 'ஹவ் வில் தி வுல்ஃப் சர்வைவ்?' முழுநீள ஆல்பம்: 11 பாட்டு, முக்கால் மணி நேரம்கூட ஓடாது. தயாரிப்பு டி போன் பர்னெட்டும் பெர்லினும். எதையும் பூசி மெழுகாத, ஒரு அறையில் நின்று வாசித்தது போன்ற ஒலி. வடமெக்சிகோ நோர்த்தேன்யோ பாணி எப்படி ஓடுகிறது என்பதை 'செரெனாத்தா நோர்த்தேன்யா'வில் தெளிவாகப் பிடிக்கலாம். பாஹோ செக்ஸ்தோ என்ற 12 தந்திக் கிட்டார் அடி விழும் இடத்தில் ஒரு கட்டைச் சுரத்தையும், அடிக்கு நடுவில் கொத்தாகச் சில தந்திகளையும் தட்டும். பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் பொத்தான் அக்கார்டியன் உள்ளே நுழைந்து வெளியேறும். இந்த ஏற்பாட்டைக் காது பிடித்துவிட்டால், அதே ஆல்பத்தின் ராக் பாட்டுகளிலும் அக்கார்டியனும் சாக்ஸபோனும் அதே இடைவெளிகளைத் தேடிப் போவது கேட்கும். ராக்கும் கல்யாண வீட்டுப் பாட்டும் இங்கே அடுத்தடுத்த அறைகள். இன்னும் ஒரே அறையாகவில்லை.

1987இல் இரண்டு தட்டு. 'பை தி லைட் ஆஃப் தி மூன்' நல்ல ஆல்பம்தான், ஆனால் அதே ஆண்டு வந்த 'லா பாம்பா' படம் அதை விழுங்கிவிட்டது. 1959இல் 17 வயதில் விமான விபத்தில் இறந்த ராக் பாடகர் ரிச்சி வாலன்ஸின் கதை அது. படத்தில் வாலன்ஸாக நடித்தவருக்குப் பாடும் குரல் இடால்கோவுடையது. 'லா பாம்பா' பாட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் போனது. வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தப் படத்தின் தட்டில் உள்ள 12 பாட்டில் எட்டுதான் இவர்களுடையது, மற்றவை வேறு ஆட்கள். அந்த எட்டும்கூட 1950களின் ஒலியை அப்படியே திருப்பித் தரும் வேலை. இவர்களின் சொந்த முகம் தெரியும் இடம் 'லா பாம்பா'வின் கடைசிச் சில நொடிகள் மட்டுமே. மின்கிட்டார் ஓய்ந்து, சிறு மரக்கிட்டார்கள் அந்தப் பாட்டை அது பிறந்த வெராக்ரூஸ் மாநிலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும். வானொலியில் பெரும்பாலும் அதற்கு முன்பே வெட்டிவிடுவார்கள்.

அந்தச் சில நொடிகளை ஒரு முழு ஆல்பமாக நீட்டியதுதான் 1988இன் 'லா பிஸ்டோலா இ எல் கொராசோன்'. உலகமே அடுத்த 'லா பாம்பா'வுக்குக் காத்திருக்க, இவர்கள் ஒன்பது பாட்டை, ஸ்பானிய மொழியில், மரவாத்தியங்களில் வாசித்துக் கொடுத்தார்கள். இரண்டு மட்டும் சொந்தப் பாட்டு, மீதி மரபு வழி வந்தவை. வியாபாரக் கணக்கில் பைத்தியக்காரத்தனம். இசைக் கணக்கில் இவர்கள் செய்த மிகச் சுத்தமான பதிவு இதுதான்.

கேட்கும்போது அடியை ஆறாக எண்ணிப் பாருங்கள். 'எல் குஸ்தோ'வில் அந்த ஆறு ஒரு கணம் மும்மூன்றாக இரண்டு முறை பிரியும், அடுத்த கணம் இரண்டிரண்டாக மூன்று முறை பிரியும், சில சமயம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். திஸ்ர நடைக்குப் பழகிய காதுக்கு இது சிரமமே இல்லை. மூன்றே மூன்று என்று பிடித்துக்கொண்டு தொடையில் தட்டுபவருக்குத்தான் பாட்டு நழுவிக்கொண்டே இருக்கும். இடால்கோவின் குரல் அதில் சட்டென்று கள்ளக்குரலுக்குத் தாவும் இடத்தையும் கவனியுங்கள், அது இந்த மெக்சிகோ நாட்டுப்புறப் பாணியின் அடையாளம். கீழே லொசானோவின் கிட்டாரோன்: வயிறு பெருத்த, மெட்டுக் கட்டை இல்லாத ஆறு தந்தி வாத்தியம். ஒரே சுரத்தின் மேல் ஸ்தாயியையும் கீழ் ஸ்தாயியையும் இரண்டு தந்தியில் சேர்த்து இழுப்பார்கள். கைபேசி ஸ்பீக்கரில் கேட்டால் கீழ்ப்பாதி காணாமல் போய், பாட்டே வெறும் சலசலப்பாகிவிடும். சுமாரான ஹெட்போனே போதும், ஆனால் அதுவாவது வேண்டும்.

1990இன் 'தி நெய்பர்ஹூட்' நன்றாகச் செய்த ராக் ஆல்பம். தி பேண்ட் என்ற ராக் குழுவின் டிரம்மர் லெவன் ஹெல்ம்கூட உண்டு. தள்ளிப் போடலாம்.

இனி 'கீகோ', 1992. ஒரே ஒரு ஆல்பம் வாங்கப் போகிறவர் இதை வாங்கட்டும். மேசையில் தயாரிப்பாளர் மிட்செல் ஃப்ரூம், ஒலிப்பதிவில் சாட் பிளேக். ஒவ்வொரு கட்டையை அழுத்தினாலும் ஒரு டேப் ஓடும் சேம்பர்லின் போன்ற பழைய கீபோர்டுகளில் ஃப்ரூமுக்குப் பித்து. டிரம்ஸையும் குரலையும் வேண்டுமென்றே நொறுக்கிப் பதிவது பிளேக்கின் கைவண்ணம். அதனால் 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்'ஸில் கேட்கும் கரகரப்புக்கு உங்கள் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள், சமையலே அப்படித்தான். ஈக்குவலைசரில் மேல் ஒலியைக் கூட்டினால் இந்த ஆல்பம் கெட்டுப்போகும். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள்.

முன்பு அடுத்தடுத்த அறைகளில் இருந்தவை இங்கே சுவரை இடித்துக்கொண்டு ஒன்றாகின. 'கீகோ அண்ட் தி லாவெண்டர் மூன்' ஊஞ்சல் போல ஆடும். அக்கார்டியனும் சாக்ஸபோனும் ஒரு பழைய ஜாஸ் குழு தூக்கத்தில் நடப்பதைப் போல வரும். எந்த நாட்டுப் பாட்டு என்று சொல்ல முடியாது. 'செயின்ட் பிஹைண்ட் தி கிளாஸ்' பெரெஸ் பாடுவது: ஹரானா என்ற சிறு கிட்டார், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் சாமி படத்தை அண்ணாந்து பார்க்கும் குழந்தையின் குரல். 'ரீவாஸ் ஹவுஸ்', 'டூ ஜேன்ஸ்' இரண்டும் வீட்டில் அடிபடும் பிள்ளைகளைப் பற்றியவை, மெட்டு இனிமையாக இருப்பதால் வரிகள் தாமதமாகத்தான் உறைக்கும். ரோசாஸின் 'விக்கெட் ரெயின்' மட்டும் பழைய பாணிக் கிட்டார் பாட்டு. அவர் பாடும் இடங்கள் இந்த ஆல்பத்தில் தரையில் கால் ஊன்ற உதவும்.

இது பிடித்தவர்கள் நேராக 'லத்தீன் பிளேபாய்ஸ்' (1994) போகலாம். இடால்கோவும் பெரெஸும் வீட்டு டேப்பில் பதிந்த துண்டுகளை ஃப்ரூமும் பிளேக்கும் சேர்த்து ஒட்டியது. பாதிப் பாட்டுகள் முடியாமலேயே முடியும், அது குறையல்ல. 1996இன் 'கொலாசல் ஹெட்' அதே கூட்டணிதான், ஆனால் அங்கே தந்திரம் சில இடங்களில் பாட்டை மூடிவிடுகிறது.

பிந்தைய காலத்தில் இரண்டு போதும். இடம்பெயர்ந்து வந்தவர்களின் வாழ்க்கையைச் சுற்றும் 'தி டவுன் அண்ட் தி சிட்டி' (2006) மெதுவாக ஏறும், இரவில் கேளுங்கள். 'நேட்டிவ் சன்ஸ்' (2021) தங்கள் ஊரின் பழைய பாட்டுகளை மறுபடி வாசித்தது, புதுப்பாட்டு ஒன்றே ஒன்று. 2022இல் அதற்கு அமெரிக்கானா (அமெரிக்க மரபிசை) பிரிவில் கிராமி கிடைத்தது. 2009இன் டிஸ்னிப் பாட்டுத் தட்டை வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். முதல் இருபது வருடமும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் 1993இன் இரட்டைத் தட்டுத் தொகுப்பு 'ஜஸ்ட் அனதர் பேண்ட் ஃப்ரம் ஈஸ்ட் எல்.ஏ.' சரியான தேர்வு. 1978 தட்டின் பெயரும் ஏறக்குறைய இதேதான், தேடும்போது ஆண்டைச் சரிபாருங்கள்.

'கீகோ'வைக் கருப்புத் தட்டில் வாங்குபவர்கள் உறைக்குள் எத்தனை தட்டு என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். சுமார் 52 நிமிட இசையை ஒரே தட்டில் அடைத்தால் ஒரு பக்கத்துக்கு 26 நிமிடம். பள்ளங்கள் நெருங்கி, சத்தம் குறைந்து, இந்த ஆல்பத்தின் உயிரான கீழ் ஒலி மெலியும். சிடி என்றால் 2012இன் இருபதாம் ஆண்டுப் பதிப்பு நல்லது. அதன் கடைசியில் டெமோவும் (முன்னோட்டப் பதிவு) மேடைப் பதிவுமாகச் சில பாட்டுகளைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் முறை கேட்கும்போது அவற்றைத் தொடவேண்டாம். 16ஆவது பாட்டான 'ரியோ தெ தெனாம்பா'வில் ஊர் பேண்டு வாத்தியம் போலக் குழல்கள் ஊதி ஓய்ந்ததும் பிளேயரை நிறுத்திவிடுங்கள்.