நெல்லையில் மூன்று வாரம், மகனின் தட்டில் ஒரு வடகம்

மெல்பேர்னிலிருந்து கொண்டுபோன பிஸ்கட் ஐந்தாம் நாளே தீர்ந்துவிட்டது. ஆட்டிசம் உள்ள என் ஆறு வயது மகன் சாப்பிடுவதே ஏழு பொருள்கள்தான். அதில் இது ஒன்று. பாளையங்கோட்டைக் கடையில் அதே மாதிரி தேடி வாங்கினேன். நிறம் கொஞ்சம் மாறியிருந்தது. தொடவே இல்லை.

என் அம்மா பருப்புச் சோற்றோடு அவன் பின்னாலேயே நடந்தாள். "ரெண்டு வாய் ஊட்டிவிட்டா பழகிருவாம்லா" என்றாள். பாசம்தான். ஆனால் கிண்ணத்தைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கடியில் ஒளிந்தான்.

முதலில் ஒரு தனியார் தெரபி மையத்துக்குப் போனோம். ஒரு முறைக்கு 700 ரூபாய். கன்னத்தை அழுத்திப் பிடித்துக் கரண்டியை உள்ளே தள்ளினார்கள். வாந்தி எடுத்தான். அடுத்த இரண்டு நாள் தனக்குப் பிடித்த தயிர்சாதத்தைக்கூட ஒதுக்கினான். ஊருக்குப் போகும் பெற்றோரே, வற்புறுத்தி ஊட்டுவார்களா, உங்களையும் கூடவே உட்கார விடுவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் அண்ணி சொல்லி, அரசு மருத்துவமனையில் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் (DEIC) போனோம். 2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருவது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். எங்களிடம் காசு வாங்கவில்லை. கூட்டமும் சத்தமும் அதிகம். காதை மூடும் ஹெட்போன் எடுத்துப்போனது நல்லதாயிற்று.

அங்கிருந்த தெரபிஸ்ட் முதலில் சாப்பாட்டைப் பற்றியே பேசவில்லை. மலச்சிக்கல் உண்டா, பல் வலி உண்டா என்று கேட்டார். "வயிறு கல்லு மாதிரி இருந்தா எந்தப் பிள்ளைதான் புதுசா சாப்பிடும்?" மலச்சிக்கல் இருந்தது. குழந்தை மருத்துவரிடம் அனுப்பி, ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொன்னார்.

பிறகு அந்த ஏழு பொருள்களை எழுதச் சொல்லிப் பார்த்தார். எல்லாமே வெள்ளை, அல்லது மொறுமொறுப்பு. அவற்றில் ஒன்றான அப்பளத்திலிருந்து தொடங்குவோம் என்றார். அப்பளம், அடுத்து அரிசி வடகம், அதன் பின் மெல்லிய உருளைக்கிழங்கு வறுவல், பிறகு வாழைக்காய் வறுவல். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஒரு படி மட்டும் மாறும். புதியதை அவன் தட்டில் போடக் கூடாது. பக்கத்தில் தனியாக ஒரு சின்னத் தட்டு. பார்ப்பான், தொடுவான், முகர்வான், உதட்டில் வைப்பான். துப்ப ஒரு கிண்ணமும் வேண்டும். பத்துப் பதினைந்து முறை ஆனாலும் சரி, "சாப்பிடு" என்று யாரும் சொல்லக் கூடாது.

மெல்பேர்னிலும் இதே முறையைச் சொல்லித்தந்திருந்தார்கள். ஆனால் அந்தத் தாளில் இருந்ததெல்லாம் கோழி நக்கெட்டும் கிராக்கர் பிஸ்கட்டும். அப்பளத்துக்கு அடுத்தது வடகம் என்று நம் அடுக்களை தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவன் எதிரே உட்கார்ந்து தானே வடகம் தின்றாள். பதினொன்றாம் நாள் அவள் கையிலிருந்ததை எடுத்து ஓரத்தைக் கடித்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

இப்போது மெல்பேர்னில் வடகம் முழுதாகத் தின்கிறான். நேற்று வாழைக்காய் வறுவலை முகர்ந்துவிட்டுச் சின்னத் தட்டிலேயே வைத்தான். தள்ளிவிடவில்லை.