ஃபால்கன் வன்தட்டில் பைட் வரிசை: டிரைவர் திருப்புவதா, அப்படியே விடுவதா?

அட்டாரி ஃபால்கன் என்ற பழைய வீட்டுக் கணினியில் ஐடிஇ இடைமுகம் வழியாக இணையும் வன்தட்டுக்கு டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) எழுத உட்காருபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது, செக்டரின் (தட்டில் 512 பைட் கொண்ட துண்டு) பைட்டுகளை ஜோடி ஜோடியாக இடம் மாற்றித் திருப்புவதா வேண்டாமா என்பதே. ஐடிஇ தன் 16 பிட் தரவுப் பாதையின் கீழ்ப் பாதியில் முதல் பைட்டையும் மேல் பாதியில் இரண்டாவதையும் அனுப்புகிறது. ஃபால்கனில் உள்ள 68000 குடும்பச் செயலிகளோ மேல் பாதியைத்தான் நினைவகத்தில் முதலில் வைக்கின்றன. ஃபால்கனில் கம்பிகள் நேராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு ஜோடியும் இடம் மாறியே வந்து சேரும். அதே செயலிக் குடும்பத்தைப் பயன்படுத்தும் அமிகா 1200 கணினியில் பலகையிலேயே இரு பாதிகளையும் குறுக்காக இணைத்துவிட்டதால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை.

அதேபோல் கேபிளைக் குறுக்காக இணைக்கலாமே என்றால், வன்தட்டுக்கு ஆணையிடும் கட்டளைப் பதிவகங்களும் கீழ்ப் பாதியில்தான் இருக்கின்றன. அவற்றின் முகவரி ஒற்றைப்படையிலிருந்து இரட்டைப்படைக்கு நகர்ந்துவிட, ரோமில் உள்ள இயங்குதளத்தால் வன்தட்டைக் கண்டுகொள்ள முடியாது.

திருப்பாமல் விடுவதில் வேகம் மிச்சம். 8 மெகாஹெர்ட்ஸ் 68000-இல் ஒரு சொல்லை (16 பிட், அதாவது ஒரு பைட் ஜோடி) நேராக நகர்த்த 12 கடிகாரச் சுற்றுகள் போதும். இரு பைட்டுகளையும் திருப்ப இடையில் எட்டு பிட் சுழற்றினால் 38 ஆகும். செக்டருக்கு 256 சொற்கள் என்பதால் கூடுதலாக ஏறத்தாழ 0.83 மில்லிவிநாடி செலவாகிறது. ஐடிஇ பலகை பொருத்திய, ஃபால்கனுக்கு முந்தைய அட்டாரி எஸ்டி கணினிகளில் இது உணரக்கூடிய தாமதம்தான். ஃபால்கனின் 68030-இல் சுமை வெகுவாகக் குறைவு.

இருந்தும் டிரைவரில் திருப்புவதையே நான் தேர்ந்தெடுத்தேன், காரணம் மீட்பு. முப்பது ஆண்டுகள் கடந்த கணினி எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம். அப்போது வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியதும் கோப்புகள் தெரிய வேண்டும். வரிசை மாறிய தட்டில் முதல் செக்டரின் கடைசியில் 55, ஏஏ என்று இருக்க வேண்டிய முத்திரை ஏஏ, 55 என்று நிற்பதால், பகிர்வு மென்பொருள் அதை வெற்றுத் தட்டென்று எண்ணிப் புதிதாக அமைக்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் சம்மதித்தால் பகிர்வு அட்டவணையே போய்விடும். முழுத் தட்டையும் படிமமாக (ஒரே கோப்பில் முழு நகலாக) எடுத்துத் திருப்பிக்கொள்ள முடியும் என்றாலும், எந்தப் படிமம் திருப்பியது, எது திருப்பாதது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்திருப்பதுதான் உண்மையான பராமரிப்புச் சுமை. திருப்பாததைத் திறந்தால் ஆட்டோ கோப்புறையின் ஏ-யு-டி-ஓ என்ற பெயர் யு-ஏ-ஓ-டி என்று காட்சியளிக்கும்.

திருப்பும் இடம் தரவை நகர்த்தும் சுழற்சி மட்டுமாக இருக்கட்டும். வன்தட்டின் அடையாளத் தகவல் 16 பிட் சொற்களாக வருவதால் நேரான இணைப்பில் திருப்பாமலே சரியாக இருக்கும்; அதையும் சேர்த்துத் திருப்பினால் மாடல் பெயர் குழம்பிவிடும். கோப்பு முறைமையின் எண்களை மாற்றுவது டிரைவரின் வேலையே அல்ல.

முன்பே திருப்பாத பழைய முறையில் எழுதப்பட்ட தட்டுகளும் கைவசம் இருக்கும் என்பதால், லினக்ஸின் ஃபால்கன் டிரைவரில் உள்ளதுபோல் தட்டுவாரியாகத் தேர்ந்துகொள்ளும் அமைப்பு கட்டாயம் வேண்டும். இந்த முடிவு செயலியே தரவை நகர்த்தும் முறைக்குத்தான். செயலியின் தலையீடின்றித் தரவு நேரடியாக நினைவகத்துக்குப் போகும் டிஎம்ஏ வழியில் நான் எழுதிப் பார்த்ததில்லை.